பிணத்துக்குப் பத்துக்குப் பத்து

திரை விழுந்ததுமே, நடிப்புக் கல்லூரி மாணவர்கள் அரங்க வாசலில் நின்று நடிகர்களுக்கு மார்க் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணனா நடிச்சவருக்கு மூணுதான் சார்," என்றாள் ஒருத்தி. "தம்பி வெட்டுப்பட்டுச் செத்துக் கிடக்கறான். 'எழுந்திருடா'ன்னு ஒரு தடவை கதறினா போதாதா? உலுக்கறார், கன்னத்துல அறையறார், கடைசியில கிள்ளவே ஆரம்பிச்சுட்டார்."

"சரி, தம்பிக்கு?" என்றார் பேராசிரியர்.

"பத்துக்குப் பத்து. அவ்வளவு கிள்ளியும் இமைகூட அசையல. ஆனா, வெட்டினது யாருன்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையே சார்?"

"நவீன நாடகம்னா அப்படித்தான்மா. முடிவை நாமதான் யோசிச்சுக்கணும். வாங்க, அந்தத் தம்பிகிட்டயே நாலு விஷயம் கத்துக்கலாம்."

ஒப்பனை அறையில் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் தம்பி, வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இயக்குநர் ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே அவர் முகத்தில் ஊற்றினார்.

"மயக்கம் தெளிஞ்சு எழுந்து, வெட்டினது யாருன்னு நீ சொன்னாத்தானேடா நாடகமே முடியும்?"

தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"என் வசனம் வந்துடுச்சாண்ணே?"