மனு இல்லாதவள்

அவள் இன்றும் வந்திருந்தாள்.

கடைசி வரிசை, சுவரோர நாற்காலி. மடியில் ஒரு நோட்டு.

மேசைக்குப் பின்னால் இருந்த சட்டமன்ற உறுப்பினர் அவளைப் பார்த்தார். நாலைந்து மாதமாகத் திங்கள்தோறும் பார்க்கிறார். மனு வாங்கும் நாளில் முதல் ஆளாக வருவாள். யார் பேசினாலும் கவனமாகக் கேட்பாள். கூட்டம் கரைந்து தன் முறை வருவதற்குள் எழுந்து போய்விடுவாள்.

மனு கொடுத்ததே இல்லை.

"எதிர்க்கட்சி ஆளா இருக்கும் மேடம். இன்னைக்கு வெளிய அனுப்பிடறேன்," என்றார் உதவியாளர் சம்பத்.

"வேண்டாம். உளவு பாக்கற அளவுக்கு இங்க என்ன நடக்குது?"

தேர்தலுக்கு முன்பு அவர் பத்தொன்பது வருடம் கணக்கு டீச்சர். வென்று பதினோரு மாதம் ஆகிறது. விலைவாசி, படிப்பு, ஊர்ச்சேவை என்று மூன்று வாக்குறுதிகள் பின்சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருந்தன. எழுத்து மட்டும் புதிதாகவே இருந்தது.

முதலில் வந்தவர் ஊஞ்சக்காட்டுக்காரர். பள்ளிக்கூடத்துக்கு பஸ் சரியில்லை என்றார்.

"எத்தனை பிள்ளைங்க போறாங்க?"

"முப்பது முப்பத்தஞ்சு இருக்குங்க."

"சரியா எண்ணிச் சொல்லுங்க. பஸ் எத்தனை மணிக்கு வருது? பள்ளிக்கூட மணி எப்ப அடிக்குது? எந்த டிப்போ வண்டி?"

அவர் தெரிந்ததைச் சொன்னார். உறுப்பினர் மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மனிதர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கடைசி வரிசையில் அந்தப் பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

உறுப்பினரால் இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, நீங்க வாங்க."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். சுவர்தான் இருந்தது. எழுந்து வந்தாள். சேலைத் தலைப்பில் பஞ்சுத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

பெயர் துளசிமணி. தறிப்பட்டறையில் வேலை. திங்கள் விடுமுறை.

"என்ன மனு?"

"மனு இல்லீங்க."

"அப்புறம் என்ன எழுதறீங்க?"

நோட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, மேசைமேல் வைத்தாள்.

"எங்க லைன் வீட்டுச் சனத்துக்கு நாந்தானுங்க மனு எழுதிக் குடுக்கறேன். தாலுக்கா ஆபீஸ் வாசல்ல எழுதறவங்களுக்குக் காசு குடுக்கோணும். அதுக்கு எங்களால ஆகறதில்லைங்க. நான் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கறனுங்க."

அவர் பக்கங்களைப் புரட்டினார். பொடி எழுத்து. இருபத்தேழு மனு. தேதி, எந்த அலுவலகம், என்ன ஆனது. முதியோர் உதவித்தொகை. சத்துணவுக்கூடத்துக் கூரை. ரேஷன் கடை திறக்கும் நாள். பதினாறு இடத்தில் 'முடிந்தது' என்று இருந்தது.

பதினாறு.

அவருக்குள் இருந்த கணக்கு டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இதுல நான் கையெழுத்துப் போட்டது எத்தனை?"

துளசிமணி சம்பத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"சும்மா சொல்லுங்க."

"மூணுங்க. ஆரம்பத்துல அவங்கவங்களே கொண்டாந்து குடுத்தாங்க. நீங்களும் போட்டுக் குடுத்தீங்க."

"அது மூணும் முடிஞ்சுதா?"

"இல்லீங்க. அது இன்னும் வரலீங்க."

"பாத்துப் பேசும்மா," என்றார் சம்பத்.

உறுப்பினர் கையை உயர்த்தினார். சம்பத் பின்வாங்கினார்.

பதினோரு மாதம். எத்தனை கையெழுத்து என்று அவருக்கே தெரியாது. போட்டதெல்லாம் எங்கே போயிற்று என்றும் தெரியாது. கேட்டுப் பார்க்கத் தோன்றியதே இல்லை. கூச்சமாக இருந்தது. கூச்சத்தைவிடத் தெரிந்துகொள்ளும் ஆவல் பெரிதாக இருந்தது.

"என் கையெழுத்துல வேலை நடக்கல. அப்புறமும் எதுக்கு வாரம் தவறாம இங்க வர்றீங்க?"

"கேள்விக்குங்க."

"என்ன கேள்வி?"

"நீங்க கேக்கற கேள்விங்க. முன்னெல்லாம் பஸ் வேணும்னு ஒத்த வரிதான் எழுதுவேன். திருப்பி அனுப்பிருவாங்க. நீங்க எத்தனை பிள்ளைக, எத்தனை மணி, எந்த டிப்போன்னு கேக்கறீங்க. அதையெல்லாம் வீடு வீடாப் போயி நானே கேட்டு எழுதிட்டேன்னா, ஆபீசுல சாக்குச் சொல்ல முடியறதில்லைங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கே பயம் வந்துவிட்டது. நோட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று தெரியாமல் நின்றாள்.

"நான் இனிமே வரக்கூடாதுங்களா?"

அவர் நோட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். சுவரோர நாற்காலியைக் காட்டினார்.

துளசிமணி போய் உட்கார்ந்தாள்.

அடுத்து ஒரு தாய். மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். அரசு விடுதியில் இடமில்லை என்கிறார்கள். தினமும் போய்வர நாலு மணி நேரம். வேண்டாம், படித்தது போதும் என்கிறார் வீட்டுக்காரர்.

"இங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா போதுங்க," என்று காகிதத்தை நீட்டினாள்.

அவர் காகிதத்தை வாங்கி ஓரமாக வைத்தார்.

"விடுதியில மொத்தம் எத்தனை இடம்? எத்தனை பேர் தங்கியிருக்காங்க? இடமில்லைன்னு சொன்னது யாரு, வாயால சொன்னாங்களா, எழுதிக் குடுத்தாங்களா?"

அந்தத் தாய் விழித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

சித்திரை வெயில். மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"சம்பத், அந்த ஃபேனை நிறுத்துங்க."

"மேடம், வேர்க்குமே."

"பரவாயில்லை. கடைசி வரிசைக்குக் கேக்கணும்."

மின்விசிறி நின்றது.

முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்கினார். வகுப்பில் கேட்பதுபோல, நிறுத்தி, ஒவ்வொன்றாக.