லண்டனிலும் ஜலதோஷம்

கடைசி பட்டன் மட்டும்தான் பாக்கி. அதை அழுத்திவிட்டால் லொரைன் அமெரிக்கப் பள்ளி மாணவி.

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில், பிரியாணித் தட்டுக்கும் தே தாரிக் தேநீர்க் குவளைக்கும் நடுவே கைப்பேசி கிடந்தது. எதிரே அவள் கணவன் இஞ்ஞாசி, அழுத்திவிடேன் என்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அவனுடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மனைவி அமெரிக்கப் பள்ளியில் படிக்கப்போகிறாள் என்று தேவாலயப் பாடகர் குழு முழுவதற்கும் சொல்லி முடித்திருந்தான்.

லொரைன் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர். பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, கதை சொல்லித் தூங்கவைத்தே வருடங்கள் ஓடிவிட்டன. அவளும் ஓர் ஆசிரியை ஆகலாம்; பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைக்கும். ஒரே ஒரு குறை, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள். அப்பா படுத்த படுக்கையானபோது விட்டது.

இணையத்திலேயே படித்து உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வாங்கலாம் என்ற விளம்பரம் கண்ணில் பட்டதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் பாலர் பள்ளித் தலைமையாசிரியை ஜைனப் ஒன்று சொல்லியிருந்தார். சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். அந்தப் பள்ளியை அங்கீகரித்தது யார் என்றுதான் கல்லூரியில் முதலில் கேட்பார்கள். பள்ளியிடம் கேள், அங்கீகாரம் கொடுத்தவர்களிடமும் கேள், அப்புறம் சேர்.

அதனால் பட்டனை விட்டுவிட்டு, முதலில் பள்ளிக்கு அழைத்தாள். அமெரிக்க எண். கடும் ஜலதோஷத்தில் இருந்த ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். முழு அங்கீகாரம் உண்டு, லண்டனில் இருக்கும் கல்வி மன்றம் கொடுத்தது என்றாள். நடுவில் பலமாகத் தும்மினாள். மன்றத்தின் எண்ணையும் தந்தாள்.

லொரைன் லண்டன் எண்ணுக்கு அழைத்தாள்.

உடனே எடுத்தார்கள். மன்றத்தின் பெயரைக் கம்பீரமாகச் சொல்லத் தொடங்கிய குரல், பாதியிலேயே தும்மியது.

அதே தும்மல். அதே அடைத்த மூக்கு.

அழைப்பில் இருக்கிறோம் என்பதையே மறந்து லொரைன் கத்திவிட்டாள்.

"ஐயோ இஞ்ஞாசி, இதுவும் அவதான்லா! ஸ்கூலும் அவதான், ஸ்கூலுக்கு அங்கீகாரம் குடுக்கிறதும் அவதான்!"

இஞ்ஞாசிக்குப் புரையேறி, தே தாரிக் மூக்கு வழியாக வந்தது. லொரைன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் என்ன விஷயம் என்றே தெரியாமல் அவர்களும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியபோதுதான் லொரைனுக்கு உறைத்தது. அந்த பட்டனை அழுத்தியிருந்தால்? கண் விழித்துப் படித்து, அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய், தலை குனிந்து திரும்பியிருப்பாள்.

அழைப்பைத் துண்டிக்கப்போனாள். அப்போது லண்டன் தமிழில் பேசியது.

"வெச்சிடாதீங்கக்கா."

குரல் தணிந்திருந்தது. பேர் திவ்யதர்ஷினி என்றாள். இருப்பது சென்னையில்; எதிரே இரண்டு தொலைபேசிகள். மற்றவர்கள் எல்லாம் சாப்பிடப் போயிருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன், தயவுசெய்து சேர்ந்துவிடாதீர்கள் என்றாள்.

லொரைன் முதல் வேலையாக அந்தப் பக்கத்தை மூடினாள். இஞ்ஞாசி அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான்.

"இவ்வளவு நல்ல பொண்ணா இருக்கியே, அங்க ஏம்மா வேலை பாக்குற?" என்று கேட்டாள் லொரைன்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு வெட்கம் கலந்த ஒரு சின்னச் சிரிப்பு.

"நானும் இங்கதான்க்கா படிச்சேன். இவங்க குடுத்த சர்டிபிகேட்டைப் பாத்து வேலை குடுத்தது இவங்க மட்டும்தான்."

லொரைன் பிரியாணித் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, கணவனுடைய கைப்பேசியையும் வாங்கி முன்னால் வைத்துக்கொண்டாள்.

"லைன்லயே இரும்மா. வேற நல்ல ஸ்கூலாப் பாப்போம், ரெண்டு பேருக்கும்."