பதினோராவது கேள்வி

பதினோராவது கேள்வியில் சக்திகுமாரின் பேனா நின்றுவிட்டது.

'இதற்கு முன் நாய் வளர்த்ததுண்டா? அந்த நாய் இப்போது எங்கே?'

எங்கே என்றால், இங்கேதான். மேசைக்குப் பின்னால், தகரக் கதவுக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒரு கூண்டில். குன்றத்தூரைத் தாண்டியிருந்த அந்த நாய்க் காப்பகத்தின் முன் வண்டியை நிறுத்தும்போதே, நாற்பது குரைப்புகளுக்கு நடுவே பூச்சியின் குரைப்பு அவனுக்குத் தனியாகக் கேட்டுவிட்டது.

ஆனால் அதைச் சொல்லக் கூடாது. நாய்களுக்குச் சோறு வடிக்கும் பாஞ்சாலி, அவன் வந்த விஷயத்தைக் கேட்டதுமே, வாசலிலேயே அவனை மடக்கி எச்சரித்திருந்தாள்.

“ஓனருன்னு வாயத் தொறந்துடாத தம்பி. போன வாரம் ஒர்த்தரு அப்டித்தான் வந்தாரு. மேடம் ஒரு மணி நேரம் நிக்க வெச்சித் திட்டி, போட்டோ புட்சி நெட்ல போட்டுட்டாங்க. நாயக் குடுக்கல. நீ புச்சா நாய் வளக்க வந்துகீறேன்னு சொல்லு.”

ஆகவே, இரண்டு வருடங்களாகப் பூச்சியை வளர்த்தவன், பூச்சியைத் தத்தெடுக்க விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான்.

தப்பு அவனுடையதுதான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

ஒரகடத்தில் பிரேக் செய்யும் கம்பெனியில் அவனுக்கு வேலை. ஆயுத பூஜையன்று லைனில் மெஷினுக்கெல்லாம் சந்தனம் பூசிவிட்டு, பொரியும் ஸ்வீட் பாக்ஸுமாக அறைக்கு வந்தவன், அங்கேயும் ஒரு பூஜை போட்டான். பைக்குக்கு மாலை. ஸ்பேனர்களுக்குக் குங்குமம். எட்டுப் பேர் தங்கியிருக்கும் அறைக்கு இரவெல்லாம் காவல் இருக்கிற பூச்சி மட்டும் வேலை பார்க்கவில்லையா என்ன? அதைக் குளிப்பாட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, அதன் கழுத்துப் பட்டையையும் சங்கிலியையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டான்.

பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாயங்காலம் பக்கத்து லாரி ஷெட்டில் ஆயிரம் வாலா கொளுத்துவார்கள் என்பதுதான் தெரியாது.

கட்டிப்போடச் சங்கிலி இல்லாத பூச்சி, முதல் வெடிக்கே எடுத்த ஓட்டம். இரண்டு நாள் லீவு போட்டு, ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் தெருத்தெருவாகத் தேடினான். மூன்றாம் நாள் யாரோ அனுப்பி, போனில் அதன் படம் வந்தது. கீழே காப்பகத்தார் எழுதியிருந்தார்கள்: 'கழுத்துப் பட்டையைக்கூடக் கழற்றிக்கொண்டு, நெற்றியில் பொட்டு வைத்து, கும்பிட்டுக் கைகழுவியிருக்கிறான் ஒரு கல்நெஞ்சக்காரன்.' அந்தக் கல்நெஞ்சக்காரனை முந்நூறு பேர் சபித்திருந்தார்கள். சக்திகுமார் அத்தனையையும் ஒன்று விடாமல் படித்தான்.

இப்போது பதினோராவது கேள்வி. வளர்த்ததில்லை என்றால், ஒரு மாதம் பயிற்சிக்கு வரவேண்டும். அதற்குள் பூச்சியை வேறு யாராவது கொண்டுபோய்விடுவார்கள். தொலைந்துவிட்டது என்றால், எந்தக் காலத்திலும் நாய் கிடையாது. இரண்டையும் கேள்விக்குக் கீழேயே பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

மிச்சம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. உயிரோடு இருக்கிறதைச் செத்துவிட்டது என்று எப்படி எழுதுவது? மனதுக்குள் ஊர்ச் சுடலைமாடனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுதினான். காப்பகத்தை நடத்தும் ஐஸ்வர்யா மேடம் தாளை வாங்கிப் படித்துவிட்டு, எப்போது என்று கேட்டாள்.

“ஆயுத பூசை அன்னைக்கு செத்துப் போயிட்டு மேடம்.”

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை. நடிப்பு துளியும் இல்லை. மேடத்தின் கண்ணும் கலங்கியது. மற்ற கேள்விகளை அவள் கேட்கவே இல்லை. இப்படி அழுகிறவர்களுக்குத்தான் நாய் தரவேண்டும் என்று சொல்லிக்கொண்டே, அவன் படத்தில் காட்டிய நாயைக் கொண்டுவரச் சொன்னாள்.

பாஞ்சாலி தகரக் கதவைத் திறந்ததும் பூச்சி அவன்மேல் வந்து விழுந்தது. முகம், காது, சட்டைப் பொத்தான் என்று எதையும் விடாமல் நக்கியது. பார்த்தவுடனே இப்படி ஒட்டிக்கொள்கிறதே என்று மேடம் அசந்துபோனாள். இதன் பெயர் ரூபி, கூப்பிட்டுப் பாருங்கள் என்றாள். நாக்கு நுனிக்கு வந்த பெயரை விழுங்கிவிட்டு, ரூபி என்று கூப்பிட்டான். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி ஒரு வேலைதான் பாக்கி. தத்தெடுப்பவர்கள் எல்லோரும் பழைய சொந்தக்காரனுக்கு இரண்டு வார்த்தை சொல்லவேண்டும், அதை வீடியோ எடுத்துப் போடுவார்களாம். மேடம் போனை உயர்த்திப் பிடித்தாள்.

அவனும் பாவம் எங்கெங்கோ தேடிக்கொண்டுதான் இருந்திருப்பான் என்றான் சக்திகுமார்.

இவ்வளவு நல்லவராக இருக்காதீர்கள், அந்த ஆளுக்கு உறைக்கிற மாதிரி சொல்லுங்கள் என்று மேடம் மறுபடி எடுத்தாள்.

இந்தத் தடவை அவன் தயங்கவில்லை. அறிவு இருக்கால உனக்கு என்று ஆரம்பித்தான். வெடிச்சத்தம் கேட்டால் மிரளும் என்று தெரியாதா, ஒரு கயிறாவது கட்டியிருக்கக் கூடாதா, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று, இரண்டு நாள் தெருவில் தன்னையே திட்டிக்கொண்டு அலைந்ததையெல்லாம் உரக்கக் கொட்டினான்.

அவன் குரல் உயர்ந்ததும், திட்டு தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்ட பூச்சி, வாலைச் சுருட்டி அவன் காலடியில் பதுங்கியது.

மேடம் சட்டென்று போனைக் கீழே இறக்கி, அதன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“பாருங்க, அந்த ஆளைப் பத்திப் பேசினாலே இது எப்படி நடுங்குதுன்னு.”