வேக்கம் மெஷினுக்கு வைத்த பொட்டு

கீர்த்தி நான்காவது ரப்பர் பேடுக்கும் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டு, தள்ளி நின்று அழகு பார்த்தாள்.

கல் அறுத்த சேற்றைக் கூட்டிக்கொண்டிருந்த யசோதா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

சித்தூர் பக்கம், கங்காதர நெல்லூருக்கு வெளியே இருந்த அந்த கிரானைட் ஃபாக்டரியில் அன்று இரண்டு விழா. ஒன்று ஆயுத பூஜை. மற்றது, மார்ச் மாதமே நடந்திருக்க வேண்டிய பாதுகாப்பு வாரம். பேனர் அச்சாகி வருவதற்குள் அக்டோபர் வந்துவிட்டது. ஒரே பந்தல், ஒரே சுண்டல் என்று மேனேஜர் ஹரிபாபு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். வாரம் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது.

பேனரில் தலைக்கவசம் போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் கட்டைவிரலைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். ஃபாக்டரியில் தலைக்கவசம் போட்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

அன்றைய செயல்விளக்கம் வேக்கம் லிஃப்டர். கம்ப்ரசர் காற்றில் ஓடுவது. கிரேனில் தொங்கும் சட்டத்துக்கு அடியில் நான்கு ரப்பர் பேடுகள். கல் பலகையின் மேல் உட்கார்ந்ததும் இடையிலுள்ள காற்றை உறிஞ்சி, இருநூறு கிலோவை அட்டைப்பூச்சி மாதிரி கவ்விக்கொள்ளும். ரப்பருக்கும் கல்லுக்கும் நடுவே எதுவும் இருக்கக்கூடாது. அது கேட்பது அவ்வளவுதான்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள் அது கேட்டது கிடைக்கவில்லை. கல் நழுவி, மெஷினை ஓட்டிய நாகபூஷணத்தின் மேல் விழுந்தது. அவன் மனைவி யசோதாவுக்குத் துடைப்பம் கிடைத்தது. மெஷின் சுனிலுக்குப் போனது.

கீர்த்தி சுனிலின் மனைவி. கல்யாணமாகி ஐந்து மாதம்.

பரிசோதனைப் படிவத்தை ஹரிபாபு காலையிலேயே நிரப்பிவிட்டார். பேடுகள் சுத்தமாக உள்ளனவா? டிக். கல்லுக்கு அடியில் ஆள் இல்லையா? டிக். கையெழுத்தும் போட்டு, படிவத்தின் மூலையில் கொஞ்சம் குங்குமமும் வைத்திருந்தார்.

சித்தூரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினருக்கு அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டது. ஃபோட்டோக்காரருக்கோ கல் தலைக்கு மேலே வேண்டும். மெஷினுக்குப் பக்கத்தில் புருஷன் பெண்சாதி ஜோடியாக நின்றால் படம் நன்றாக இருக்கும் என்று கீர்த்தியையும் சுனிலோடு நிற்கவைத்தார்.

யசோதா வாளியில் துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். முதல் பேடைத் துடைத்தாள்.

பந்தலில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"ஐயோ அக்கா, இன்னா பண்ற? நான் வெச்ச பொட்டுக்கா!"

"ஏமம்மா யசோதா," ஹரிபாபு மைக்கை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார். "பூஜை பண்ண மெஷினும்மா. இன்னா அபசகுனம் பண்ணிக்கினு கீற?"

"பேடுல எதுவும் இருக்கக்கூடாது சார். காத்து பூந்துடும்."

"சாமி பொட்டுல காத்து பூருமா? நீ இன்னா இஞ்சினீரா?"

பின்வரிசையில் ஒரு பெண் குரல், எல்லோருக்கும் கேட்கும் ரகசியமாக வந்தது. "தனக்கு இல்லைன்னு அடுத்தவ பொட்ட அழிக்கிறா பாரு."

யசோதாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு இரண்டாவது பேடைத் துடைத்தது.

"இன்னொண்ணு தொட்டின்னா நாளைக்கி வேலைக்கி வராத," என்றார் ஹரிபாபு.

மூன்றாவதைத் துடைத்தாள். நான்காவதைத் துடைத்தாள். முந்தானையால் நான்கையும் ஈரம் போக ஒற்றினாள். விளிம்பு முழுக்கப் பெருவிரலை ஓட்டிப் பார்த்தாள். கீர்த்தியின் கையைப் பிடித்து இழுத்து, கல் விழுந்தாலும் எட்டாத தூரத்தில் நிறுத்தினாள்.

"சுனிலு, ஒரு சாண் தூக்கி நிறுத்து. மீட்டர் முள்ளு பச்சையில நிக்குதா பாரு. அசையாம நின்னாதான் மேல. யார் தலைக்கு மேலயும் கொண்டார வேணாம்."

சுனில் ஹரிபாபுவைப் பார்க்கவில்லை. ஒரு சாண் தூக்கினான். நிறுத்தினான். முள் பச்சையில் நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்து அந்த முள்ளையே பார்த்தார்கள். பிறகு கல் இடுப்பளவுக்கு ஏறி, நகர்ந்து, ஸ்டாண்டில் பூப்போல இறங்கியது.

இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிறப்பு விருந்தினர் கைதட்டினார். அடுத்த நொடியே ஹரிபாபுவும் அப்படி நினைத்துக்கொண்டார். மைக்கைத் திறந்து, கூட்டிப் பெருக்குகிறவர்கள் வரைக்கும் தமது கம்பெனி பாதுகாப்புப் பயிற்சி கொடுத்திருப்பதை விளக்கினார். யசோதாவுக்கு ஒரு சால்வை போர்த்தப்பட்டது. வெள்ளைக்காரன் கட்டைவிரலை இறக்கவே இல்லை.

குழாயடியில் கீர்த்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"உனக்கு எம்மேல இன்னாக்கா கோவம்?"

"கோவம் ஒண்ணும் இல்ல கண்ணு. இனிமே மேல சட்டத்துல வை. எவ்ளோ பெரிய பொட்டா வேணும்னாலும் வை. ரப்பர்ல வேணாம்."

விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தைக் குழாயில் கழுவினாள்.

போன வருடம் நாகபூஷணத்துக்குக் காரியம் முடிந்த மறுநாள் ஹரிபாபு ஒரு காகிதம் கொண்டுவந்தார். விபத்துக்குக் காரணம் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போடாதே, கம்பெனி மேல் கேஸ் போடலாம் என்று அவள் அண்ணன் கத்தினான். யசோதா வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். வேலைக்கு ஆசைப்பட்டுப் புருஷன் தலையிலேயே பழியைப் போட்டுவிட்டாள் என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

கேஸ் என்றால் விசாரிப்பார்கள். தினமும் பேடைத் துடைத்துவிட்டே கல் தூக்குகிறவன், அன்றைக்கு மட்டும் ஏன் துடைக்க மனசில்லாமல் தூக்கினான் என்று கேட்பார்கள்.

முந்தின நாள் ஆசையாக அதில் பொட்டு வைத்தது யார் என்று அவளிடமே கேட்பார்கள்.