பயணத்தின் நோக்கம்

ஐரோப்பாவின் அந்தச் சுண்டைக்காய் நாட்டுக்கு விசா வேண்டுமென்றால் மதுரை ஆபீஸில் மெஷின் முன்னால் உட்கார்ந்து உண்மை பேச வேண்டும். பொய்யென்றால் வருஷக்கணக்கில் கதவடைப்பு.

"எதற்காகப் போகிறீர்கள் அம்மா?" என்று கேட்டது மெஷின்.

"மூத்தவனுக்கு ஒடம்பு முடியல. பாத்துட்டு வந்துருவேன்," என்றாள் செண்பகவல்லி. மடியில் அவனுக்கென்று போட்ட நார்த்தங்காய் ஊறுகாய்.

பின்னால் நின்றிருந்தான் சின்னவன் மதிவாணன். அம்மா தாங்கமாட்டாள், அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவன்தான் அப்படிச் சொல்லிவைத்திருந்தான். அவள் நம்பித்தானே சொல்கிறாள், மெஷின் எங்கே கண்டுபிடிக்கப்போகிறது?

"தவறான தகவல். எங்கள் நாட்டுப் பதிவின்படி உங்கள் மகன் செவ்வாய்க்கிழமை காலமானார். இறுதிச்சடங்குக்கு என்று சொல்லியிருந்தால் இன்றே விசா கிடைத்திருக்கும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது."

அம்மா அழவில்லை. மெதுவாகத் திரும்பி மதிவாணனைப் பார்த்தாள்.

"மொகத்தையாவது பாத்திருப்பேனேடா."