நாலு மூட்டை காட்டாமணக்கு

ஆறாயிரத்து நானூற்று எண்பது ரூபாய். காட்டாமணக்குத் தோட்டத்தில் குழி வெட்டி, காய் பறித்த கூலியில் மாசிலாமணி முதலாளி எனக்குத் தரவேண்டிய பாக்கி. விதையை வாங்கி டீசல் எடுப்பதாகச் சொன்ன கம்பெனி வரவேயில்லை. இன்றும் போய் நின்றேன். அவர் நாலு மூட்டை விதையைக் காட்டினார்.

"இதத் தூக்கிட்டுப் போ இருளப்பா. கணக்கு தீந்துச்சு."

"ஆடுகூட மோந்து பாக்காதே முதலாளி. என் வீட்ல எந்த லாரி நிக்குது, ஊத்தி ஓட்ட?"

"எனக்கு மட்டும் என்ன, கப்பலா ஓடுது?"

ரேகை வைக்க மையையும் ரசீதையும் நீட்டினார். 'கூலி முழுதும் பெற்றுக்கொண்டேன்' என்றிருந்தது. போன வருஷம்தான் எழுத்துக் கற்றவன் நான். அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, 'கூலி'யை அடித்துவிட்டு 'விதை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி அதை வாசித்தார். குனிந்து, முதல் மூட்டையை என் தலைக்குத் தூக்கிவிட்டார்.