அறுபதாவது படி

"பிப்ரவரி இருபத்தொன்பதுக்கு எந்தப் படி?"

இந்தக் கேள்வியைத் தீபாவிடம் அதுவரை ஒரே ஒருவர்தான் கேட்டிருக்கிறார். கற்பூரத் தட்டை இடுப்பில் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து பார்த்தாள். தோளில் குழந்தையோடு ஓர் இளம்பெண், ஷாலினி. பக்கத்தில் அவளுடைய மாமியார் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள்.

டிசம்பர் முப்பத்தொன்று. திருத்தணி மலைப்படிகளில் மஞ்சளும் குங்குமமும் வைத்தபடி கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. முந்நூற்று அறுபத்தைந்து படிகள், நாளுக்கு ஒன்று. பிறந்த தேதியைச் சொன்னால் போதும், எத்தனையாவது படி என்று தீபா உடனே சொல்லிவிடுவாள். அங்கே ஏற்றக் கற்பூரமும் கொடுப்பாள்.

"குழந்தைக்கா அக்கா?"

"ஆங். அன்னிக்குத்தான் பொறந்தா. வர்ற அஞ்சாந்தேதி நெஞ்சுல ஆபரேஷன்." ஷாலினி குழந்தையின் முதுகைத் தடவினாள். "நானே எண்ணிப் பாத்துட்டேன். பிப்ரவரி இருவத்தெட்டு அம்பத்தொம்பது. மார்ச் ஒண்ணு அறுபது. நடுவுல இவளுக்குன்னு ஒரு படி இல்ல. இவளுக்குக் காலமே கெடையாதோ என்னவோ. அப்புறம் அறுத்துக் கஷ்டப்படுத்தி இன்னா ஆவப்போவுது? வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"கேட்டியா பாப்பா?" என்றாள் மாமியார் தாயம்மாள். "இதுக்குத்தான் பொதட்டூர்பேட்டையில இருந்து பஸ் ஏறி வந்துகினு இருக்கோம். நாலு வருஷத்துக்கு ஒருவாட்டி தலைகாட்டுறது எல்லாம் ஒரு நாளா? அதுக்குப் போயி படி கட்டுவாங்களா?"

"ஏன் பெரிம்மா, அன்னிக்குப் பொழுது விடியலையா?"

"விடிஞ்சுது."

"உங்க பேத்தி அழலையா?"

"ஆஸ்பத்திரியே அதிர்ந்துபோச்சு."

"அப்போ நாள் இருக்குது. நாள் இருந்தா படியும் இருக்கும். வாங்க, எண்ணிக்கினே போலாம்."

மூவரும் எண்ணிக்கொண்டே ஏறினார்கள். அறுபதில் தாயம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இதுதான் அக்கா," என்றாள் தீபா.

"யார்கிட்ட காது குத்துற? இது மார்ச் ஒண்ணு!"

"மார்ச் ஒண்ணு அடுத்த படி பெரிம்மா. குழந்தை பொறந்த வருஷத்துல அப்படித்தான் எண்ணணும்."

"எல்லாம் ஒண்ணொண்ணு தள்ளிப்போனா கடைசி நாள் எங்க போவும்? ஆகாசத்துல தொங்குமா?"

தீபா மேலே கை காட்டினாள். "கடைசிப் படிக்கு மேல இன்னா இருக்குது?"

"கோயில்."

"இன்னிக்குக் கடைசி நாளு. எங்க போய் நிக்கிறதுக்கு எல்லாரும் ஏறிக்கினு இருக்காங்க?"

"கோயிலுக்குத்தான்," என்று முனகினாள் தாயம்மாள்.

ஷாலினி மேலே கோயிலைப் பார்த்தாள். பிறகு குழந்தையை அந்தப் படியில் உட்காரவைத்துக் கற்பூரம் ஏற்றினாள். சுடரைப் பார்த்துக் குழந்தை கை தட்டியது.

"எல்லா நாளும் ஆளுக்கு ஒரு படி தள்ளி ஒக்காந்து, இவளுக்கு எடம் விட்டிருக்குது அத்தை," என்றாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது முகம். "அஞ்சாந்தேதி ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறத் தொடங்கினாள்.

நேற்று மத்தியானம் தனியாக வந்து முதன்முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டு, 'நான் சொன்னா அவ நம்பமாட்டா, நான் எதிர்த்துப் பேசறேன், நீ ஜெயிச்சிடு' என்று இதே படியில் தீபாவோடு மூன்று முறை சண்டை போட்டுப் பழகிவிட்டுப் போன தாயம்மாள், இன்று முன்பின் தெரியாதவள்போலத் அவளைத் தாண்டி மருமகளின் பின்னால் படியேறிப் போனாள்.